காலி லாரியின் எடை

இரவுப் பணியில் முப்பத்தோரு லாரிகள்.
ஏற்றிக்கொண்டு வந்தால் ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போனால் ஓர் எடை,
கழித்து மிஞ்சுவது செம்பனைக் குலை.
லாபிஸ் ஆலையின் எடைமேடைச் சாவடியில்
எனக்கு வேலை அந்தக் கழித்தல்தான்.

லாரி வராத நேரங்களில்
மடிக்கணினியில் நான்கு படங்கள்.
வேறொரு தேசத்து மலையுச்சியில் எடுத்தவை,
என் கைப்பேசியின் இணையத்தில் மெல்ல இறங்குபவை.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக
ஒரே துண்டு வானம்.
மாற்றி மாற்றித் தட்டுவேன்.
நட்சத்திரங்கள் அடித்துவைத்த ஆணிகள்.
எதுவும் நகராது.
மாதக்கணக்கில் எதுவும் நகராது.

மார்ச் பத்தொன்பது, அதிகாலை மூன்று பத்து.
இடது மூலைக்குச் சற்றுக் கீழே
சாம்பல் புள்ளி ஒன்று அசைந்தது.
கொசு என்று திரையைத் துடைத்தேன்.
மறுபடி தட்டினேன்.
மறுபடி அசைந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்தான் ரஸ்லான்.
"காக், தீடோர் கா?"
தூங்கவில்லை என்றேன்.
பதினெட்டாயிரத்து நானூறு கிலோ.
விரல் நடுங்கி ஒரு சுழியம் கூடுதலாய் விழ,
நூற்றெண்பத்து நான்கு டன்னா என்று
சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

பின்னோக்கிப் போவதுபோல் தெரிந்தது அது.
போகவில்லை.
சிகாமட் சாலையில் மரலாரியை முந்தும்போது
லாரி பின்னால் நழுவுமே, அப்படி.
நாம் உள்வட்டத்தில், வேகமாக.
அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
தன் பாட்டுக்கு,
சுற்று முடிக்க நான்கு வருடம் நான்கு மாதம்.
பதினைந்தரை மாதத்துக்கு ஒருமுறை முந்துகிறோம்,
அப்போது மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

தற்காலிகக் குறியீடு வந்தது.
வருடம், இரண்டு எழுத்து, மூன்று இலக்கம்,
லாரியின் நம்பர் பிளேட்டைப் போல.
பாதை உறுதியானால் பெயர் வைக்கலாம் என்றார்கள்,
பதினாறு எழுத்துக்குள்.
கணக்குப் பிரிவு மேகலை தன் பெயரைச் சொன்னாள்.
ரஸ்லான் தன் பூனையின் பெயரைச் சொன்னான்.
நான் ஒன்றை எடைச் சீட்டின் பின்புறம் எழுதி
யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்தேன்.

சில இரவுகள் வெளியே வந்து நிமிர்வேன்.
கொதிகலன் ஆவி, அதற்கு மேல் புகைமூட்டம்.
இரண்டும் இல்லாவிட்டாலும் அது
வெறுங்கண்ணுக்குத் தெரியாது.
தெரியாதென்று தெரிந்தும் கழுத்து வலிக்க நிற்பேன்.

ஏழாவது வருடம் கடிதம் வந்தது.
பாதை உறுதி, எண் நிரந்தரம்.
முதலில் கண்டவர் நான் இல்லை.
தொண்ணூற்றெட்டில் யாரோ இரண்டு இரவு பார்த்துத்
தொலைத்ததும் இதுதானாம்.
இன்னும் பின்னே தேடியதில்
ஐம்பத்து நான்காம் வருடக் கண்ணாடித் தட்டிலும்
நகக்கீறல் அளவுக்கு இருந்திருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை.

ஐம்பத்து நான்கு.
இங்கே அப்போது ஊரடங்கு.
லயங்களைச் சுற்றி முள்கம்பி,
மடியில் ஒரு பிடி அரிசி இருக்குமோ என்று
வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள்.
அடைத்த கதவுகளுக்கு மேலே இது
பதினொரு பாகைச் சாய்வில்
போய்க்கொண்டிருந்தது.

மேகலைக்கு என்னைவிடக் கோபம்.
"விடு, வேற ஒண்ணு கிடைக்கும்" என்று
மைலோ வாங்கிக் கொடுத்தாள்.

அட்டவணையில் எனக்கு நான்கு வரிகள்.
தேதி, நேரம், இடம், ஒளி.
பெயர்கூட இல்லை, நிலையத்தின் எண் மட்டும்.

எடுத்துவிட்டுப் பார்த்தேன் அந்த நான்கையும்.
கழிப்பதுதானே என் வேலை.
அவை இல்லாமல் கணக்கிட்டால்
அது இருக்கும் இடம் இன்னும் இருநூறு கிலோமீட்டர் கலங்குகிறது.
இங்கிருந்து கோலாலம்பூர் தூரம்.

ஹாரன்.
காலி லாரி.
மேடை ஏறும்வரை முள் நடுங்கி
பிறகு நின்றது.